அம்மாவின் இடது முட்டி

நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி வேங்கிக்காலைத் தாண்டி இருக்கிறது. ஒரு அறக்கட்டளை நடத்துவது. எலும்பு, மூட்டு தவிர வேறெதையும் அங்கே பார்க்க மாட்டோம். காய்ச்சல், சளி என்று வந்தால் வாசலிலேயே வேறு இடத்துக்குக் கை காட்டிவிடுவோம். முட்டி தேய்ந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், புளியமரத்திலிருந்து விழுந்தவர்கள், பைக்கிலிருந்து விழுந்தவர்கள், பிறக்கும்போதே பாதம் உள்பக்கம் திரும்பிய குழந்தைகள், இவர்கள்தான் எங்கள் ஜனங்கள். நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். அறுத்துத் தைப்பது டாக்டரின் வேலை; அறுத்துத் தைத்தவரைக் கட்டிலிலிருந்து இறக்கி நடக்க வைப்பது என் வேலை. டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். இன்னும் கொஞ்சம் மடக்குங்கம்மா என்று நான் சொல்லும்போது அவர்கள் சொல்கிற பதிலை இங்கே எழுத முடியாது.

மலையைச் சுற்றி நடக்கிற ஊர் இது. பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் ஹாலில் நிற்க இடம் இருக்காது. வீங்கிய முட்டியோடு வந்து உட்கார்ந்து, வலி எப்போது போகும் என்று கேட்பதற்கு முன்னால் அடுத்த பௌர்ணமிக்குப் போகலாமா என்று கேட்பார்கள். போகலாம், செருப்பு போட்டுக்கொண்டு போங்கள் என்றால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சட்டையில் குத்தியிருக்கும் பெயரை ஒரு தடவை படிப்பார்கள். இந்த பாய்க்கு என்ன தெரியும் என்று நினைக்கிறார்களோ என்று ஆரம்பத்தில் எனக்குச் சுருக்கென்று இருக்கும். பிறகுதான் தெரிந்தது, செருப்பு போடச் சொல்கிற யாரையும் அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். எங்கள் பெரிய டாக்டர் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். அவரையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவர்களுக்கு நாங்கள் சொல்கிற முதல் விதி, தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் கூடாது, குத்துக்கால் கூடாது, மண்டி போடக் கூடாது. உள்ளே இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். நடக்கும், படி ஏறும், பஸ் ஏறும். முழுசாக மடித்து அதன்மேல் உடம்பைப் போட்டால் நாளாக ஆகத் தளர்ந்துவிடும். தரைக்கு இறங்கி ஏறும்போது விழுந்து வைத்தால் அதற்குமேல் ஆபத்து. எங்கள் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்வது லேசான காரியமில்லை. பிறந்ததிலிருந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் உட்கார்ந்து பூ கட்டி, தரையில் உட்கார்ந்து சண்டை போட்டவர்கள். பேரம் பேசுவார்கள். ஆடியில் கூழ் ஊற்றுகிற அன்றைக்கு மட்டும் உட்காரலாமா? பேத்திக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள வேண்டாமா? நான் சிரித்துக்கொண்டே கூடாது என்பேன்.

வேலை முடிந்து சில நாள் செங்கம் ரோடு பக்கம் வண்டியில் போவேன். அங்கே அறுபது எழுபது வயது வெள்ளைக்காரர்கள் வாடகை அறையின் மொட்டை மாடியில் சம்மணம் போட்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கடல் தாண்டி வந்து தரையில் உட்காரக் கற்றுக்கொள்கிறார்கள், நாம் உள்ளூர்க்காரர்களை நாற்காலியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகிற வரைக்கும்தான்.

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தது. வலது ரொம்ப மோசம், கால் வில் மாதிரி வளைந்துவிட்டது. இடது வலிக்கும், ஆனாலும் சொன்னபடி கேட்கும். எங்கள் வீடு தேரடிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. அத்தா பாத்திரக் கடை வைத்திருந்து, அந்தச் சந்திலேயே வாழ்ந்து மவுத்தானவர். அம்மா சந்தைத் தாண்டி அதிகம் போகிறவள் இல்லை. ஐந்து வேளையும் வீட்டுக்குள்ளேயே தொழுவாள். எங்கள் தெருவில் பெண்கள் பள்ளிவாசலுக்குப் போகிற வழக்கம் கிடையாது. சஜ்தாவில், அதாவது நெற்றியைத் தரையில் வைத்துப் பணிகிற இடத்தில், அவள் மற்றவர்களைவிட நேரம் எடுப்பாள். சின்ன வயதில், தூங்கிவிட்டாளோ என்று நான் பக்கத்தில் படுத்து அவள் முகத்தை எட்டிப் பார்த்திருக்கிறேன்.

முட்டி போன பிறகு நாற்காலிக்கு மாறினாள். முதலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அது வழுக்குகிறது என்று பிறகு மர நாற்காலி. உட்கார்ந்தபடியே குனிந்து, உட்கார்ந்தபடியே இன்னும் கொஞ்சம் குனிந்து, அப்படியே தொழுகையை முடிப்பாள். சில வருஷமாக அதுதான் எங்கள் கண்ணுக்குப் பழகியிருந்தது. கூடத்தில் கிழக்குச் சுவர் ஓரம் அந்த நாற்காலி மேற்கு பார்த்து நிற்கும். யாரும் அதில் உட்கார மாட்டோம், குழந்தைகள் ஏறினால் இறக்கிவிடுவோம்.

ஆபரேஷன் செய்துகொள்ளம்மா என்று நான் வருஷக்கணக்கில் கெஞ்சியிருக்கிறேன். கத்தி வைக்க விடமாட்டேன் என்பாள். ஊரில் இருக்கிற முட்டியை எல்லாம் நேராக்குகிறவனுடைய அம்மா வில்லுக்காலோடு சுவரைப் பிடித்து நடக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசுவார்கள். ஒருநாள் காலையில் நான் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என்ன ஏது என்று இல்லாமல், "சரிடா, பண்ணிக்கறேன்" என்று சொன்னாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஏன் திடீரென்று என்று கேட்கத் தோன்றவில்லை. மனசு மாறுவதற்குள் தேதி வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே டாக்டரைப் பிடித்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த வீட்டு ஆளுக்கு நாமே பயிற்சி கொடுக்கக் கூடாது. பாசத்தில் மடக்காமல் விட்டுவிடுவோம், இல்லையென்றால் உரிமையில் ஜாஸ்தியாக மடக்கிவிடுவோம். அதனால் அம்மாவை என்னோடு வேலை செய்கிற அக்கா ஒருவர் எடுத்துக்கொண்டார். என்னைவிடப் பொறுமைசாலி. ஆபரேஷனுக்கு முன்னால் அம்மாவை உட்கார வைத்து, பிளாஸ்டிக் எலும்பைக் கையில் கொடுத்து, எதை எடுப்போம், எதை வைப்போம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டில் எத்தனை படி, கட்டில் எவ்வளவு உயரம், கழிப்பறை எப்படி, சமையல் யார் என்று எல்லாம் கேட்டார். தரையில் உட்காரக் கூடாது என்றும் சொன்னார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்த அக்காவிடம் ஒரு குறையும் கிடையாது. அவர் எல்லோருக்கும் சொல்கிறதைத்தான் அம்மாவுக்கும் சொன்னார்.

வலது முட்டி ஆபரேஷன் நன்றாக நடந்தது. அதற்குப் பிறகு அம்மா எங்களை எல்லாம் ஆச்சரியப்பட வைத்தாள். பத்து தடவை மடக்கச் சொன்னால் இருபது தடவை மடக்கினாள். பக்கத்துக் கட்டில்களில் எல்லோரும் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, இன்னும் எவ்வளவு மடங்கணும் என்று கேட்பாள். உங்க அம்மாவப் பார்த்துத்தான் மத்தவங்களுக்குப் பாடம் எடுக்கறேன் என்றார் அக்கா. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மற்ற டாக்டர்களைக் கூப்பிட்டு அந்த முட்டியைக் காட்டினார். நான் காரிடாரில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் விடவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடப்பாள், சமையலறை வரைக்கும் போய் என் மனைவியின் குழம்பில் உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவாள். எனக்கு அம்மா திரும்பக் கிடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் அம்மாவின் பழைய தொழுகை விரிப்பு துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நாற்காலியைக் காணவில்லை. மாமிதான் உள்ரூமில் போடச் சொன்னாங்க என்றாள் மனைவி. அம்மா குளித்துவிட்டு, வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெருநாள் அன்றைக்கு இருப்பாளே, அந்த மாதிரி முகம். என்னம்மா விசேஷம் என்று கேட்டேன்.

"நேத்தோட நாப்பது முடிஞ்சுதுடா. சாயங்காலம் அஸருக்குக் கீழ தொழப் போறேன். மொத நாளாச்சே, நீ பக்கத்துல இருந்தா நல்லது."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. நாற்பது என்று யாரும்மா சொன்னது என்று கேட்டேன். இதைக்கூடவா ஒருத்தர் சொல்லணும் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் மெல்ல மெல்ல உறைத்தது. அம்மா வாழ்க்கையில் கூடாது என்று சொல்லப்பட்ட எல்லாவற்றுக்கும் ஒரு முடிகிற நாள் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள். நோன்புக்கு ஒரு மாசம். அத்தா மவுத்தானபோது, புருஷன் போனவள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவுக்குக்கூட முடிகிற நாள் உண்டு. அம்மாவின் கணக்கில் பத்தியம் என்றாலே முடிகிற ஒன்றுதான். தரையில் உட்காரக் கூடாது என்று அக்கா சொன்னதும், பெரிய ஆபரேஷன், ரத்தம் போன உடம்பு, நாற்பது நாள் என்று அவளாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள். அந்த நாற்பதுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கியிருக்கிறாள்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்கிற அதே குரலில் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், எனக்கு வேறு குரல் வராது.

"எப்பவுமே உக்காரக் கூடாதும்மா."

"எப்பவுமேன்னா?"

"எப்பவுமேன்னா எப்பவுமேதாம்மா."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கொடியில் காய்கிற விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கோபமே இல்லாமல், விலை கேட்டு வேண்டாம் என்று திரும்புகிறவள் மாதிரி சொன்னாள்: "மொதல்லயே தெரிஞ்சிருந்தா பண்ணியிருக்க மாட்டேனேடா. கீழ தொழறதுக்குத்தானே பண்ணிக்கிட்டேன்."

என் மனைவி சமையலறை வாசலில் நின்று அழுதாள். நாற்பது ஆனதும் கீழே தொழலாம் என்று மாமி தன்னிடம் சொன்னதாகவும், நான் சொல்லித்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டதாகவும் சொன்னாள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சாப்பாட்டுத் தட்டின் மேல் கோபப்பட்டேன்.

இப்போது யோசித்தால் நாங்கள் எல்லோரும் ஒரே நாற்காலியைத்தான் வேறு வேறாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிவாசலில் பின் வரிசையில் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். முட்டி போனவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், முதுகு பிடித்தவர்கள் எல்லாம் அங்கே. நான் நடக்க வைத்து அனுப்பியவர்களே நாலைந்து பேர் அதில் உட்கார்ந்திருப்பார்கள், ஜும்மா முடிந்ததும் எனக்குக் கை கொடுப்பார்கள். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு அந்த வரிசை புதிதே இல்லை. மூட்டு மாற்றினால் நாற்காலி என்பது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி எங்களுக்கு. அம்மா அந்த வரிசையைப் பார்த்ததே இல்லை. அவள் பார்த்த ஒரே நாற்காலி வீட்டில் இருந்ததுதான், அது வலிக்காக வந்தது, வலி போனால் அதுவும் போய்விடும் என்று அவள் நம்பினாள். அவள்தான் ஏற்கெனவே நாற்காலியில் தொழுகிறாளே, அவளுக்கு இதில் என்ன மாறப்போகிறது என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் போய் நின்றேன். அவர் நல்ல மனிதர். காலையிலிருந்து இரண்டு ஆபரேஷன் முடித்த களைப்பிலும் உட்கார வைத்துப் பேசினார். ஒரு வேளை மட்டும் என்றால்கூடக் கூடாதா சார் என்று, எங்கள் ஹாலில் பேரம் பேசுகிற பாட்டிகளைப் போலவே கேட்டேன். செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எத்தனை வருஷம் தாங்கும் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது என்றார். தளர்ந்துபோனால் மறுபடி திறந்து மாற்றுவது முதல் தடவை மாதிரி இருக்காது, அந்த வயசில் அம்மா அதைத் தாங்க வேண்டும் என்றார். நான் இன்னொருவரிடம் சொல்வதாக இருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன், இதே வரிசையில்.

பிறகு ஹஜ்ரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பள்ளிவாசலில் தொழ வைக்கிறவர், வயதில் என்னைவிடச் சின்னவர். கூடத்தில் உட்கார்ந்து, உள்ரூமில் இருந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். முடியாதவர்களுக்கு அல்லாஹ் கஷ்டத்தை வைக்கவில்லை. நின்று முடியாதவர் உட்கார்ந்து, உட்கார்ந்து முடியாதவர் படுத்து. நாற்காலியில் தொழுதாலும் முழுத் தொழுகைதான், அல்லாஹ் தருகிற கூலியில் ஒரு குண்டுமணி குறையாது. அம்மா உள்ளிருந்தே நன்றியாக ஜசாக்கல்லாஹ் சொன்னாள், அவருக்கு டீ கொடுத்தனுப்பினாள். அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அவர் சொல்றது சரிதான்டா. கூலி கம்மியாயிடும்னு நான் எப்ப சொன்னேன்? நாற்காலியில குனிஞ்சா பாதி வழியில நின்னுட்ட மாதிரி இருக்கு. நீங்க யாரும் அதக் கேக்கவே இல்ல."

இதற்கு எந்த டாக்டரைக் கூட்டி வருவது? எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள். அக்கா சரி, டாக்டர் சரி, ஹஜ்ரத் சரி. நானும் சரி. இத்தனை சரிக்கு நடுவில் அம்மா ஒருத்தி மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தப்பு ஒன்று இருந்திருந்தால் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். எனக்குச் சண்டை போட வராது என்று இல்லை, அந்த வாரத்தில் ஆட்டோக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், என் மகளின் ஸ்கூல் வேன் டிரைவர் என்று மூன்று பேரிடம் போட்டேன்.

நாற்காலி கூடத்துக்குத் திரும்பி வந்தது. அம்மா பழையபடி அதில் தொழுதாள். ஆனால் பயிற்சியை நிறுத்திவிட்டாள். மடக்குங்கம்மா என்றால், மடங்கி என்ன ஆகப்போகிறது என்பாள். அதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலில் இருக்கிறவர்களிடம் நான் பேசுகிற பேச்சே மாறிவிட்டது என்று அக்கா சொன்னார். ஒரு பாட்டி, கொலுவுக்குத் தரையில் உட்கார்ந்து பொம்மை அடுக்கலாமா என்று கேட்டார். நான் கூடாது என்று சொல்லிவிட்டு, பிறகு அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து, எதற்கு, எத்தனை நாள், யார் யார் வருவார்கள், உட்காராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவருக்கு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மூன்றாம் மாசச் செக்கப்புக்கு அம்மாவை அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் ரொம்பச் சந்தோஷப்பட்டார். பாடப் புத்தகத்தில் போடலாம் இந்த முட்டியை என்றார். கையோடு இடதையும் முடித்துவிடலாம், அடுத்த மாசமே தேதி தருகிறேன், வலி சுத்தமாகப் போய்விடும் என்றார். வலி தாங்காமல் வருஷக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் வெளியே ஹால் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்குத் தேதி தேடி வந்தது.

"அது இருக்கட்டும் டாக்டர். அது எனக்கு வேணும்" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். வலியை வைத்துக்கொண்டு என்னம்மா செய்யப்போறீங்க என்றார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் சார் என்று நான் சமாளித்தேன். கோபத்தில் பேசுகிறாள், எங்களைத் தண்டிப்பதற்காகத் தன் காலைத் தண்டித்துக்கொள்கிறாள் என்று எனக்குப் பட்டது. ஆட்டோவில் வரும்போது நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். ஒரு காலை மட்டும் நேராக்கி வைத்துக்கொண்டு நடந்தால் இடுப்பு போய்விடும் என்று ஒரு தடவை சொன்னேன். போகட்டும் என்றாள்.

ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து மறுபடி பயிற்சி செய்ய ஆரம்பித்தாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் எடையைப் போட்டு மெல்லத் தாழ்ந்து எழுவாள். மனசு ஆறிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். ஆமாங்க என்றாள் அவளும். எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி நம்ப வேண்டியிருந்தது.

எங்கள் சந்தில் முனிசிபாலிட்டித் தண்ணீர் விடியும் முன்னால் வரும். எப்போதும் மனைவிதான் எழுந்து பிடிப்பாள். அன்றைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை, நான் எழுந்தேன். சுபுஹுக்கு பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. நான் சுபுஹு தொழுகிற அழகு என் மனைவிக்குத்தான் தெரியும், அதை விடுங்கள். குடத்தை எடுக்கக் கூடத்துக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

நாற்காலி ஓரமாகத் தள்ளியிருந்தது. விரிப்பு தரையில் இருந்தது. அம்மா அதன்மேல் இருந்தாள். வலது காலை மடக்கவே இல்லை. புது முட்டியை மடித்து எடை போடக் கூடாது என்கிற விதியை மீறாமல் அதை நேராகப் பக்கவாட்டில் நீட்டி வைத்திருந்தாள். புது மூட்டின் பலத்தில் நாற்காலியைப் பிடித்து இறங்கி, உடம்பு முழுக்கத் தேய்ந்த இடது முட்டியின் மேல் போட்டு, நெற்றியைத் தரையில் வைத்திருந்தாள். அது எனக்கு வேணும் என்று அவள் டாக்டரிடம் சொன்னது இதற்காகத்தான். வலிக்கிற முட்டியைத் தரைக்குக் கொண்டுபோக அவளுக்கு யாரும் தடை போட்டிருக்கவில்லை.

தொழுகையில் இருக்கிறவரைத் தொடக் கூடாது. எங்கே பிடித்தால் எடை குறையும், எந்தத் தசை இப்போது கிழிகிற மாதிரி இருக்கும், எலும்பும் எலும்பும் எங்கே உரசும் என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும், அதைத்தான் நான் படித்தேன். அதெல்லாம் தெரிந்தும் குடத்தைக்கூட எடுக்காமல் நின்றேன். அவள் முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. வலியிலா, அழுகிறாளா என்று தெரியவில்லை. தண்ணீர் வந்து குழாயில் கொட்டிக்கொண்டிருந்தது, போகட்டும் என்று விட்டேன். இரண்டாவது ரக்அத்துக்கு, தொழுகையின் அடுத்த சுற்றுக்கு, எழுந்து நிற்க அவளால் முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தாள், முடியாது என்று தெரிந்ததும் உட்கார்ந்தபடியே தொழுது, மறுபடி நெற்றியை வைத்தாள். வலப்பக்கம் சலாம் கொடுக்கத் திரும்பியபோது என்னைப் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தாமல் இடப்பக்கமும் கொடுத்து முடித்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

பின்னால் போய், அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, அவள் எடையை என் தொடைமேல் ஏற்றிக்கொண்டு தூக்கினேன். இடது முட்டி அதற்குள் பந்து மாதிரி வீங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டேன். கொதித்தது. இந்த முட்டி இந்த வேலையை எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதுதான் என் தொழில், ரொம்ப நாள் தாங்காது. தாங்காமல் போகிற அன்றைக்கு அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏம்மா இப்படி என்று மட்டும் கேட்டேன். அழக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அவள் துப்பட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த முகம் தெளிவாக இருந்தது, பல மாசமாக நான் பார்க்காத தெளிவு.

"உங்க அத்தா போனதுலேருந்து என் அழுகையெல்லாம் கீழதான்டா. நாற்காலியில அழ வரல."

என் தலையில் கையை வைத்து, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, பால்காரருக்குச் சொல்லிவைக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்:

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா எந்திரிச்சிடு. எறங்கிட முடியுது, நானா எந்திரிக்கத்தான் முடியல."

சரிம்மா என்றேன்.